பேஞ்சோ திரும்பினால் நாட்டுப்புறம் திரும்பிவிடுமா?

மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் குழு 2025 மார்ச் கடைசியில் 'ரஷ்மியர்' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. முந்தைய ஆல்பம் வந்து ஆறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்ததால் எதிர்பார்ப்பு அதிகம். கேட்டு முடித்ததும் அபிப்பிராயம் இரண்டாகப் பிளந்தது. 2015-இல் இவர்கள் ஒதுக்கிவைத்த பேஞ்சோ என்ற நரம்பு வாத்தியம் மறுபடி வந்துவிட்டது, ஆகவே இது அசல் ஃபோக் ராக் (நாட்டுப்புறமும் ராக்கும் கலந்த இசை) என்று கொண்டாடியவர்கள் ஒரு பக்கம். இவர்கள் எந்தக் காலத்தில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடினார்கள், வெஸ்ட்கோட் போட்டுக்கொண்டால் கிராமத்து ஆள் ஆகிவிடலாமா என்று கேட்டவர்கள் இன்னொரு பக்கம்.

இரண்டு பக்கமும் 'ஃபோக்', அதாவது நாட்டுப்புறம் என்ற ஒரே சொல்லை வைத்துத்தான் சண்டை போடுகின்றன. ஆனால் அந்தச் சொல்லுக்குள் இரண்டு தனித்தனிக் குடும்பங்கள் ஒரே கதவு எண்ணில் குடியிருக்கின்றன. தபால் மாறி மாறிப் போவதில் ஆச்சரியம் இல்லை. அடிப்படையிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

'ஃபோக்' என்பது யாருடைய பாட்டு?

சர்வதேச நாட்டுப்புற இசை மன்றம் 1954-இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் கூடி ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டது. இன்றும் விவாதம் வந்தால் ஆட்கள் அதைத்தான் எடுத்துப் போடுவார்கள். வாய்வழியாகக் கடத்தப்படும் இசை மூன்று காரணங்களால் உருப்பெறுகிறது என்கிறது அது.

1. தொடர்ச்சி: பாட்டு நேற்றையும் இன்றையும் இணைக்க வேண்டும்.
2. மாறுபாடு: பாடுகிறவர் தன் கைச்சரக்கைச் சேர்ப்பார். ஒரே தாலாட்டு அடுத்த ஊருக்குப் போனால் மாமன் பெயரும் சீர்வரிசையும் மாறிவிடுகிறதே, அதுதான்.
3. தேர்வு: எந்த வடிவம் தங்கும், எது மறையும் என்பதைச் சமூகம் முடிவு செய்கிறது.

கவனியுங்கள், இதில் வாத்தியம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. கிதார் மரத்தில் இருக்க வேண்டுமா, மின்சாரத்தில் ஓட வேண்டுமா என்ற பேச்சே கிடையாது. இன்னொன்றும் உண்டு. தனி ஒருவர் இயற்றிய பாட்டாக இருந்தாலும், அது ஒரு சமூகத்தின் எழுதப்படாத வழக்கத்தில் கரைந்துவிட்டால் அதுவும் நாட்டுப்புறப் பாட்டுத்தான் என்று வரையறை இடம் விடுகிறது. இந்த விதிவிலக்கு கடைசியில் தேவைப்படும்.

ஆங்கில, ஸ்காட்டிஷ் நாட்டுப்புறப் பாட்டுகளைத் தேடித் திரட்டியவர்கள் பலர். இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும். ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட தொகுப்பில் 305 கதைப்பாடல்கள் எண்ணிடப்பட்டிருக்கின்றன. 'சைல்ட் 39', 'சைல்ட் 81' என்று பாடகர்கள் எண்ணைச் சொல்லியே பேசிக்கொள்வார்கள். அவருக்கு முக்கியம் சொற்கள். மெட்டைத் துரத்தியவர் செசில் ஷார்ப். 1903-இல் சாமர்செட் மாவட்டத்தில் ஒரு தோட்டக்காரர் வேலை செய்துகொண்டே பாடியதைக் கேட்டு எழுதிக்கொண்டதில் தொடங்கி, வாழ்நாளில் ஏறத்தாழ 5,000 மெட்டுகளைக் குறித்துவைத்தார். அந்தத் தோட்டக்காரரின் பெயர் ஜான் இங்கிலாண்ட். கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

மின்சாரம் வந்த இரண்டு பாதைகள்

'ஃபோக் ராக்' என்ற பெயர் 1965-இல் அமெரிக்காவில் பிடித்துக்கொண்டது. பாப் டிலன் எழுதிய பாட்டை பேர்ட்ஸ் குழு மின் கிதாரில் வாசித்து வெற்றி கண்டது அந்த ஆண்டுதான். ஜூலை 25 அன்று நியூபோர்ட் ஃபோக் விழா மேடையில் டிலனே மின் கிதாருடன் வந்து நின்றார். அடுத்த ஆண்டு மே மாதம் மான்செஸ்டர் கச்சேரியில் ஒருவர் அவரைப் பார்த்து, துரோகி என்ற பொருளில், 'யூதாஸ்' என்று கத்தினார். கத்தியவருடைய கோபம் வாத்தியத்தின் மீது. பாட்டு என்னவோ அதே டிலன் எழுதியதுதான். நூறு வருஷத்துப் பாட்டும் இல்லை, யாருடைய பாட்டி பாடியதும் இல்லை.

அமெரிக்கப் பாதையின் இயல்பு இது. பாட்டு புதியது, ஒருவர் எழுதியது, பெரும்பாலும் 'நான்' என்று பேசுவது. இதில் 'ஃபோக்' என்றால் மர கிதார், எளிய குரல், கொஞ்சம் தீவிரமான விஷயம் என்று அர்த்தம்.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே ஃபோக் கிளப்புகளில் கெடுபிடி அதிகம். நாட்டுப்புறப் பாடகர் இவான் மெக்கால் நடத்திய கிளப்பில் பாடகர் தன் சொந்த மரபிலிருந்தும் மொழியிலிருந்தும்தான் பாட வேண்டும் என்றே விதி இருந்தது. அந்தச் சூழலில் மின் கிதார் நுழைந்தபோது பிடித்தது பழைய பாட்டுகளை. பாட்டு முந்நூறு வயது, வாத்தியம் நேற்று வாங்கியது. ஆங்கிலேயர்கள் இதற்கு 'எலெக்ட்ரிக் ஃபோக்' என்று தனிப்பெயர்கூட வைத்துப் பார்த்தார்கள். கடைக்காரர்கள் இரண்டையும் ஒரே அலமாரியில் அடுக்கிவிட்டார்கள்.

பிரிட்டன் பாதையின் உரைகல்: 'லீஜ் அண்ட் லீஃப்'

இந்த இரண்டாம் பாதையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆல்பம் போதும். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு 1969 டிசம்பரில் வெளியிட்டது. இடைக்கால ஆங்கிலச் சொற்கள் இரண்டைக் கோத்து வைத்த தலைப்பு; விசுவாசம், விருப்பம் என்று தோராயமாகப் பொருள்.

அதற்கு ஆறேழு மாதம் முன்புவரை இவர்கள் அமெரிக்கப் பாதையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். டிலன் பாட்டுகளை நன்றாகப் பாடும் லண்டன் குழு என்று பெயர். 1969 மே 12 அன்று, பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில், எம்1 நெடுஞ்சாலையில் அவர்களது வேன் விபத்துக்குள்ளானது. டிரம்மர் மார்ட்டின் லாம்பிள் இறந்தார், வயது 19. உடன் வந்த இளம்பெண் ஒருவரும் இறந்தார். மற்றவர்கள் உடம்பு தேறி எழுந்தபோது, லாம்பிளோடு வாசித்த பழைய பாட்டுகளைத் தொட மனம் வரவில்லை. புதிதாக எதையாவது செய்தாக வேண்டும், இல்லையென்றால் கலைந்துவிட வேண்டும்.

வின்செஸ்டர் பக்கம் ஃபார்லி சேம்பர்லெய்ன் என்ற சிற்றூரில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துக் கோடையைக் கழித்தார்கள். பேஸ் கிதார் வாசித்த ஆஷ்லி ஹட்சிங்ஸ் லண்டனில் ஷார்ப்பின் பெயரால் நிற்கும் கட்டடத்திலுள்ள நூலகத்துக்குப் போய்ப் பழைய பாட்டுகளைக் கிளறிக்கொண்டு வந்தார். ஃபோக் வட்டாரத்தில் ஏற்கெனவே பேர்பெற்ற டேவ் ஸ்வார்பிரிக் ஃபிடிலுடன் முழுநேரமாகச் சேர்ந்தார். புதிய டிரம்மர் டேவ் மாட்டக்ஸ் நடன அரங்குகளில் வாசித்துப் பழகியவர். நாட்டுப்புறப் பாட்டு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததே நல்லதாகப் போயிற்று. ராக் டிரம்மர்கள் இட்டு நிரப்பும் இடங்களை அவர் சும்மா விட்டார். அதனால் ஒவ்வோர் அடியும் கனமாக விழுகிறது.

ஆல்பத்தில் எட்டு பாட்டுகள். ஐந்து பழையவை, மூன்று புதியவை. எட்டு நிமிடம் ஓடும் 'மேட்டி குரோவ்ஸ்' இதன் நடு விட்டம். சைல்ட் 81. பிரபுவின் மனைவி கோயிலில் ஓர் இளைஞனைப் பார்க்கிறாள், வீட்டுக்கு அழைக்கிறாள். வேலைக்காரன் ஓடிப்போய்ச் சொல்கிறான். பிரபு வந்து படுக்கையருகே நிற்கிறார், ஆயுதம் இல்லாதவனைக் கொன்ற பழி வேண்டாம் என்று தன்னிடமுள்ள நல்ல வாளை அவனுக்கே கொடுக்கிறார், வெட்டிச் சாய்க்கிறார். இப்போது யாரைப் பிடிக்கும் என்று மனைவியைக் கேட்கிறார். செத்துக்கிடப்பவனையே என்கிறாள். அவளும் போகிறாள். இருவரையும் ஒரே குழியில் போடுங்கள், ஆனால் என் மனைவியை மேலே வையுங்கள், அவள் உயர்குலத்தவள் என்று பிரபு சொல்வதோடு கதை முடிகிறது. பிணக்குழியில்கூடச் சாதிவரிசை. பாட்டு அதைப் பற்றி ஒரு கருத்தும் சொல்வதில்லை. குழுவின் பாடகி சேன்டி டென்னியின் குரலும் சொல்வதில்லை. கதை முடிந்த இடத்தில் கிதாரும் ஃபிடிலும் வேகமெடுத்துப் பாய்கின்றன. அதுவரை அடக்கிவைத்த பதற்றமெல்லாம் அங்கே கொட்டுகிறது. ராக் இந்தப் பாட்டுக்குக் கொடுத்த கொடை அந்தக் கடைசிப் பகுதி. இருபது சொச்சம் கண்ணிகளை ஒரே மெட்டில் தனிக்குரலில் கேட்கப் பொறுமை வேண்டும். டிரம்ஸும் பேஸும் அதற்கு ஏற்ற இறக்கம் தருகின்றன.

சரி, இது 'அசல்' தானா? இங்கேதான் வேடிக்கை. அந்தப் பாட்டுக்கு இவர்கள் பயன்படுத்திய மெட்டு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வேறொரு பாட்டுக்கு வழங்கிவந்தது. பிரிட்டன் கதை, அமெரிக்க மெட்டு. ஆல்பத்தின் இடையில் வரும் நடன இசைத் தொடரில் இருப்பவை பெரும்பாலும் அயர்லாந்துக்காரர்களின் மெட்டுகள். 'ஓடிப்போன சிப்பாய்' பாட்டில் கடைசியில் மன்னிப்பு வழங்குபவர் இளவரசர் ஆல்பர்ட். அப்படியென்றால் அது விக்டோரியா ராணி காலத்துச் சரக்கு, நம் குஜிலிக் கடைப் பாட்டுப் புத்தகங்களைப் போலத் தெருவில் விற்ற ஒற்றைத்தாள் அச்சுப்பாட்டு. 'ஃபேர்வெல், ஃபேர்வெல்' பாட்டுக்குக் குழுவின் கிதார் கலைஞர் ரிச்சர்ட் தாம்சன் சொற்களைப் புதிதாக எழுதினார். மெட்டு சைல்ட் 100-க்கு உரியதாக வழங்கிவந்தது. அதுவும்கூட, அதைப் பரப்பிய ஐரிஷ் பாடகர் ஆண்டி இர்வின் புத்தகத்தில் எண் மாறிப் பார்த்ததால் ஒட்டிக்கொண்ட மெட்டு என்று சொல்வார்கள்.

1954 வரையறையை எடுத்து வைத்துப் பாருங்கள். தவறிப்போய் ஒட்டுவதும், கடல்தாண்டிப் போய்த் திரும்பி வருவதும், சொல் மாறுவதும் 'மாறுபாடு' என்ற இரண்டாம் விதிக்குள் கச்சிதமாக அடங்குகின்றன. தூய்மை தேடுகிறவர்கள் அந்த விதியை வாசிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

இந்த ஆல்பம் குழுவுக்குள்ளேயே சண்டையை மூட்டியது. வெளிவந்த சமயத்திலேயே இரண்டு பேர் விலகினார்கள். ஹட்சிங்ஸுக்கு இன்னும் பழைய பாட்டு வேண்டும். போய் ஸ்டீலை ஸ்பேன் குழுவைத் தொடங்கினார். டென்னிக்குத் தன் சொந்தப் பாட்டுகள் வேண்டும். அவரும் தனிக்குழு தொடங்கினார். ஒருவர் இரண்டாம் பாதையில் மேலே போனார், மற்றவர் முதல் பாதைக்குத் திரும்பினார். இன்று ரசிகர்கள் போடும் சண்டையை 1969-இலேயே ஒரே வேனுக்குள் போட்டு முடித்துவிட்டார்கள். 2006-இல் பிபிசி வானொலியின் ஃபோக் விருது விழாவில் நேயர்கள் வாக்களித்து, எல்லாக் காலத்திலும் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய ஃபோக் ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். ஆல்பம் முழுக்க மின் கிதார்.

காதில் எதைத் தேட வேண்டும்?

அப்படியானால் வாத்தியத்தை விட்டுவிட்டு எதைக் கேட்பது? என் கணக்கில் நான்கு விஷயங்கள்.

1. சுர வரிசை. பாப் பாட்டுகளில் நிறைய மேஜர், அதாவது நம் சங்கராபரணத்தின் சுரங்கள். ஆங்கில, ஸ்காட்டிஷ் நாட்டுப்புற மெட்டுகளில் அதோடு டோரியனும் மிக்ஸோலிடியனும் நிறைய வரும். முன்னது கரகரப்பிரியாவின் சுர வரிசை, பின்னது அரிகாம்போதியுடையது. கமகம் கிடையாது, ராகமும் கிடையாது. சுரங்கள் மட்டும் பொது. ஆனாலும் அந்த லேசான பழமை வாசனை நம் காதுக்குச் சட்டென்று பிடிபடும்.

2. ஆதார சுருதி. இந்தப் பாட்டுகள் பெரும்பாலும் துணை வாத்தியம் இல்லாமல் பாடப்பட்டவை. அடியில் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) மாற்றம் என்ற ஒன்று இல்லாமலே மெட்டு நிற்கும். நல்ல ஃபோக் ராக் குழு கார்டுகளைக் குறைத்து, ஒரே சுரத்தைத் தம்புரா மாதிரி கீழே பிடித்துக்கொள்ளும். மூன்று நொடிக்கு ஒருமுறை கார்டு மாறி, பல்லவியில் வெற்றிக்கொடி நாட்டினால் அது பாப் கட்டுமானம்.

3. நடை. ஜிக் என்பது 6/8, அதாவது திஸ்ர நடையில் துள்ளுவது. ஸ்லிப் ஜிக் 9/8. ரீல் நான்கின் ஓட்டம். நடனத்துக்குப் பிறந்த கணக்கு இது. எல்லாப் பாட்டும் நேரான நாலடித் தாளத்தில் தரையை உதைத்தால் அது வேறு ஊர்.

4. சொல்லும் முறை. கதைப்பாடல் 'நான் உருகுகிறேன்' என்று சொல்லாது. அவன் வந்தான், அவள் கேட்டாள், வாள் இறங்கியது என்று தாவித் தாவிப் போகும். முக்கியமான இடத்தில் நின்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். உணர்ச்சியைக் கேட்பவர் தலையில் கட்டிவிட்டுப் பாடகர் ஒதுங்கிக்கொள்வார்.

நான்கும் இருந்தால்தான் நல்ல பாட்டு என்று இதற்குப் பொருள் இல்லை. எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க உதவும் அடையாளங்கள், அவ்வளவுதான்.

மம்ஃபோர்டின் காலடி

மார்க்கஸ் மம்ஃபோர்டும் மூன்று நண்பர்களும் 2007-இல் சேர்ந்தார்கள். பெயரில் 'சன்ஸ்' உண்டே தவிர யாரும் யாருக்கும் மகன் இல்லை. பழைய குடும்பக் கடைப் பலகை போலத் தொனிக்கட்டும் என்று வைத்தது. முதல் ஆல்பம் 2009-இல் வந்தது. 2012-இல் வந்த 'பேபல்' அமெரிக்காவில் முதல் வாரத்தில் மட்டும் சுமார் 6 லட்சம் பிரதிகள் விற்றது, மறுவருடம் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் வாங்கியது.

அந்த ஒலியைப் பிரித்துப் போட்டால் உள்ளே இருப்பது இவை: மர கிதாரை வேகமாக வருடிக்கொண்டே மார்க்கஸ் காலால் பெரிய டிரம்மை நேரான தாளத்தில் உதைப்பார். மேலே பேஞ்சோ பொரிந்து தள்ளும். மெல்ல முணுமுணுத்துத் தொடங்கும் பாட்டு, இரண்டாம் நிமிடத்துக்குமேல் நாலு பேரும் சேர்ந்து முழங்க உச்சிக்கு ஏறும். சொற்கள் 'நான்', 'நீ', குற்றவுணர்ச்சி, விசுவாசம், மன்னிப்பு. மேலே சொன்ன நான்கு அடையாளங்களில் எது இருக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. பெரிய பல்லவிகள் அநேகமாக மேஜர், கார்டுகள் தாராளம், ஜிக் துள்ளல் அரிது, கதை குறைவு. இது முதல் பாதை, டிலன் வழி. அதில் பெரிய மைதான ராக்கின் ஏற்றத்தைச் சேர்த்தார்கள். முதல் இரண்டு ஆல்பங்களையும் தயாரித்த மார்க்கஸ் டிராவ்ஸ், ஆர்கேட் ஃபயர், கோல்ட்ப்ளே குழுக்களோடு வேலை செய்தவர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

பேஞ்சோவை ஆங்கிலக் கிராமத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டது இன்னும் வினோதம். அதன் மூதாதைகள் மேற்கு ஆப்பிரிக்காவின் தோல்போர்த்திய நரம்பு வாத்தியங்கள். அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் கரீபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அதற்கு உருவம் கொடுத்தார்கள். மூன்று விரலால் பொரிந்து தள்ளும் வாசிப்பு 1940-களில் ஏர்ல் ஸ்கரக்ஸ் வழியாக புளூகிராஸ் என்ற அமெரிக்க இசை வகையில் புகழ்பெற்றது. அதாவது வாத்தியத்தின் ஊரே வேறு. கேட்பவர்கள் அதை 'பழசு' என்ற ஒரே பையில் போட்டுக்கொண்டார்கள். போதாக்குறைக்கு வெஸ்ட்கோட், தொப்பி.

ஒரு விஷயத்தில் அவர்களுக்கு நியாயம் செய்தாக வேண்டும். 2010-இல் ஆங்கிலப் பாடகி லாரா மார்லிங்கோடு சேர்ந்து ராஜஸ்தான் நாட்டுப்புறக் கலைஞர்களின் தரோகர் ப்ராஜெக்ட் குழுவுடன் நான்கு பாட்டுகள் கொண்ட சிறு ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் குரல்கள் பக்கத்தில் நிற்கும்போது அந்த உதைப்புக் குறைகிறது, ஒலி நிதானப்படுகிறது. கேட்டுப் பார்க்கலாம்.

'பேபல்' வெற்றிக்குப் பிறகு கைதட்டல், காலுதை, 'ஹே' என்ற கூட்டுக்கூச்சல் மூன்றும் எங்கு பார்த்தாலும் கேட்டன. விளம்பரப் படம் எடுப்பவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஓர் ஒலி விளம்பரத்துக்குப் போய்விட்டால் அதைக் கண்டுபிடித்தவர்களுக்கே சலித்துவிடும்.

2015: பேஞ்சோ போனபோது என்ன போனது?

மூன்றாம் ஆல்பம் 'வைல்டர் மைண்ட்' 2015 மேயில் வந்தது. தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்ட். பேஞ்சோவை ஒதுக்கிவிட்டார்கள், காலுதைக்குப் பதில் முழு டிரம்ஸ், மின் கிதார், கீபோர்டு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அதே சமயம் பழைய ரசிகர்கள் பெருமூச்சு விட்டார்கள்: 'ஃபோக்கை விட்டுவிட்டார்கள்.'

விட்டது ஃபோக் இல்லை, பாட்டு எழுதும் முறை அப்படியேதான் இருந்தது. மெல்லத் தொடங்கி உச்சிக்கு ஏறும் அதே கட்டுமானம், அதே 'நான்', அதே 'நீ'. விட்டது அடையாளத்தை. முகவரிப் பலகையைக் கழற்றியதும், உள்ளே இருந்தது நடுத்தரமான மைதான ராக் என்று தெரிந்துபோனது. அந்த ஆல்பம் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் வரும் பல பாட்டுகளை வேறு ஐந்தாறு குழுக்கள் பாடியிருந்தாலும் வித்தியாசம் தெரியாது. பேஞ்சோ செய்த வேலை அதுதான்: கூட்டத்தில் இவர்களைத் தனியாகக் காட்டியது. ஒரு பாப் குழுவுக்கு அது சின்ன வேலை இல்லை.

சரி, 'ரஷ்மியர்' எப்படி?

ரஷ்மியர் என்பது லண்டனின் விம்பிள்டன் காமன் வெளியில் உள்ள ஒரு குளம். குழு உருவாவதற்கு முன் இவர்கள் சுற்றித் திரிந்த இடம். பேஞ்சோ வாசித்த வின்ஸ்டன் மார்ஷல் 2021 ஜூனில் விலகிவிட்டதால் இப்போது மூன்று பேர்தான். தயாரிப்பாளர் டேவ் காப், நாஷ்வில்லில் கிறிஸ் ஸ்டேப்பிள்டன், ஜேசன் இஸ்பெல் போன்றவர்களின் ஆல்பங்களைச் செய்தவர். அறையில் எல்லோரும் சேர்ந்து வாசிப்பதைப் பெரிய மெருகு இல்லாமல் பிடிப்பது அவர் பாணி. பத்து பாட்டுகள், நாற்பது நிமிடம்கூட இல்லை.

தலைப்புப் பாட்டில் பேஞ்சோவும் காலுதையும் திரும்புகின்றன. வேண்டியவர்களுக்கு வேண்டியது கிடைத்தது. என் காதுக்கு அது பழைய வீட்டுக்குப் போய்ப் பழைய நாற்காலியில் உட்கார்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம். ஆள் அதே ஆள், பார்வையில் வேகம் இல்லை. முதல் பாட்டு 'மாலிபு' மெல்லத் தொடங்கி ஏறும் அதே சூத்திரம், ஆனால் அவசரப்படாமல் ஏறுகிறது. 'ட்ரூத்' கொஞ்சம் புளூஸ் முரட்டுத்தனத்துடன் வருகிறது. அதுதான் ஆல்பத்தில் எதிர்பாராத இடம்.

ஆல்பத்தின் பலம் சத்தம் இல்லாத பாட்டுகளில் இருக்கிறது. 'மோனோக்ரோம்' விரலால் மீட்டும் கிதாரோடு நின்றுவிடுகிறது, உச்சிக்கு ஓடுவதில்லை. பாடகி மேடிசன் கன்னிங்ஹாமோடு சேர்ந்து பாடும் 'பிளட் ஆன் த பேஜ்' அதைவிட அடக்கம்; இரண்டு குரல்களும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கவில்லை. இந்த இரண்டிலும் பேஞ்சோவைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. பேஞ்சோ வந்ததால் நாட்டுப்புறம் வந்துவிட்டது என்பவர்கள் இந்தப் பாட்டுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் குறை.

மேலே சொன்ன நான்கு அடையாளங்களை வைத்துக் கேட்டால் 'ரஷ்மியர்' முதல் பாதையை விட்டு நகரவில்லை. கதைப்பாடல் ஒன்றும் இல்லை. பழைய மெட்டும் இல்லை. இதை ஒரு பாடகர்-கவிஞரின் ஆல்பமாகக் கேட்டால் இந்தக் குழு செய்தவற்றில் நேர்மையானது. சைல்ட் எண்ணைத் தேடிக் கேட்டால் ஏமாற்றம்தான்; அதற்குக் குழு பொறுப்பில்லை, அட்டையில் ஒட்டிய சீட்டுத்தான் பொறுப்பு.

மீதமிருக்கும் விதி

தொடர்ச்சி, மாறுபாடு இரண்டையும் பார்த்தாயிற்று. மூன்றாவது, தேர்வு. அது விமர்சகர் கையிலும் இல்லை, குழுவின் கையிலும் இல்லை.

ஃபேர்போர்ட் குழு 1979 ஆகஸ்ட் 4 அன்று ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் க்ரோப்ரடி கிராமத்து வயலில் விடைபெறும் கச்சேரி நடத்தியது. விடைபெற்றவர்கள் மறுவருடமே அங்கே கூடினார்கள். பிறகு அது ஆண்டுதோறும் நடக்கும் விழாவாகிவிட்டது. இரவு முடியும் தறுவாயில் 'மேட்டி குரோவ்ஸ்' பாடுவார்கள். ஆனால் அதோடு முடிப்பதில்லை. கடைசிப் பாட்டாக வருவது 'மீட் ஆன் த லெட்ஜ்'. ரிச்சர்ட் தாம்சன் இருபது வயதுகூட நிரம்பாத நாளில் தானே எழுதியது. எந்தத் தொகுப்பிலும் எண் கிடையாது. விபத்துக்கு முன்பே பதிவான பாட்டு. இப்போது அதை இறந்துபோனவர்களை நினைத்து வயலில் நிற்கும் கூட்டம் பாடுகிறது, ரசிகர்களின் இறுதிச் சடங்குகளில் ஒலிக்கிறது. எழுதியவரின் நோக்கம் என்னவாக இருந்ததோ, பாடுகிறவர்கள் தங்கள் அர்த்தத்தை ஏற்றிவிட்டார்கள். 1954-இன் விதிவிலக்கு இதைத்தான் சொல்கிறது.

மம்ஃபோர்ட் குழுவின் பாட்டுகளில் அப்படி ஒன்று இருக்கிறதா? 'ரஷ்மியர்' ஆல்பத்திலிருந்து ஒன்றைக் கேட்டால் நான் 'மோனோக்ரோமை'ச் சொல்வேன். ஒரு கிதாரும் ஒரு குரலும் இருந்தால் வீட்டுத் திண்ணையிலும் பாடிவிடலாம், உதைக்க டிரம் வேண்டாம். ஆனால் மைதானத்தில் கூட்டம் கேட்டுக் கத்துவது இன்னமும் 2012-இன் 'பேபல்' பாட்டைத்தான்.